கிணறு தோண்டும் கம்பெனியின் ஷேர்: செம்பூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பைக் கடலிலும் குஜராத் வயல்களிலும் பதினோரு வருடம் ரிக்கில், அதாவது எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில், வேலை பார்த்தவன் நான். மட் லாகர்: தோண்டும்போது மேலே வரும் பாறைத் துணுக்குகளைப் பார்த்து எழுதுபவன். பதினாலு நாள் ரிக், பதினாலு நாள் வீடு. அதை விட்டுப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் செம்பூரில் எங்கள் கட்டடத்தில் யாராவது 'எண்ணெய்' என்று சொன்னால் என் வீட்டு மணிதான் அடிக்கும்.

சில மாதமாக அந்த மணி ஓயவில்லை. காரணம் ஒரு சின்ன எண்ணெய்க் கம்பெனி. பெயர் வேண்டாம். குஜராத்தில் நிலத்தில் உள்ள ஒரு பிளாக்கில் (எண்ணெய் தேட அரசு ஒதுக்கும் பகுதி) அதற்கு 30 சதவீதம் பங்கு. புதுக் கிணறு தோண்டத் தொடங்கிவிட்டோம் என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கடிதம் போட்டது. 18 ரூபாயில் கிடந்த ஷேர் 41க்குப் போனது. மாட்டுங்கா காபிக் கடை, டோம்பிவிலி ரயில், கோயில் வாசல், எங்கே போனாலும் இதே பேச்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

வாங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகன் இல்லை. கிணற்றுக்குள் என்ன நடக்கும், அது எப்படி ரூபாயாக மாறும் என்பதைச் சொல்கிறேன். மிச்சம் உங்கள் பாடு.

'தோண்டத் தொடங்கிவிட்டோம்' என்பது நல்ல செய்திதானே?

ரிக்கில் இதை 'ஸ்பட்' என்போம். பிட், அதாவது தோண்டும் முனை, முதன்முதலாக மண்ணைக் கடிக்கும் நாள். கல்யாண வீட்டில் பந்தக்கால் நடுவது போல. மாப்பிள்ளை வருவாரா என்று பந்தக்காலுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் குழாய் இறக்க வேண்டும், சிமெண்ட் போட வேண்டும், திட்டமிட்ட ஆழத்தை எட்ட வேண்டும், கருவியை இறக்கிப் பாறையை அளந்து பதிவு (லாக்) எடுக்க வேண்டும், கடைசியில் கிணற்றை ஓடவிட்டு டெஸ்ட் செய்ய வேண்டும். ஆனால் ஷேர் மார்க்கெட்டுக்குப் பொறுமை கிடையாது. பெரும்பாலும் ஸ்பட்டுக்கும் டெஸ்டுக்கும் நடுவில்தான் விலை பறக்கிறது. யார் கையிலும் எதுவும் இல்லாத காலம் அது, யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்ல முடியாது.

'ஆயில் ஷோ' கிடைத்ததாம். அப்படியென்றால் எண்ணெய் கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது என் தொழில்.

தோண்டும்போது குழாய் வழியாகச் சேற்றைக் கீழே அனுப்புவார்கள். அது பிட் வழியாக வெளியேறி, உடைந்த பாறைத் துணுக்குகளை வாரிக்கொண்டு மேலே வரும். மேலே ஷேல் ஷேக்கர் என்று ஒரு அதிரும் சல்லடை. அதன் முன்னால் தட்டை வைத்துத் துணுக்குகளைப் பிடிப்பதுதான் மட் லாகரின் வேலை. இப்போது கையில் விழும் துணுக்கு இப்போது உடைந்தது அல்ல. ஆழத்தைப் பொறுத்து அரை மணிக்கோ ஒரு மணிக்கோ முன்னால் உடைந்தது. அந்த நேரத்தைக் கணக்குப் போட்டு, எந்த ஆழத்துக் கல் என்று எழுத வேண்டும். பிறகு கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைப்போம். எண்ணெய் இருந்தால் மஞ்சளாகவோ நீலம் கலந்த வெள்ளையாகவோ ஒளிரும். மேலே ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டால் கல்லிலிருந்து ஒளி மெல்லப் புகை மாதிரி கசிந்து வெளியேறும். எத்தனை வருடம் பார்த்தாலும் அலுக்காத காட்சி.

அதுதான் ஷோ. அவ்வளவுதான்.

கால்சைட் என்ற தாதுவும் ஒளிரும். குழாய் மரையில் தடவும் கிரீசும் ஒளிரும். ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்குத் தட்டு முழுக்க ஜொலிக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த ஜியாலஜிஸ்டை எழுப்பிவிட்டேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார், மோந்து பார்த்தார், "புதுக் குழாய் எப்போது போட்டார்கள்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கிரீஸ்.

உண்மையான ஷோவாகவே இருக்கட்டும். எண்ணெய் பூமிக்கடியில் ஏரி போல நிற்பதில்லை. சாம்பார் இட்லியில் சாம்பார் ஊறியிருப்பது போலப் பாறையின் துளைகளில் ஊறியிருக்கிறது. நல்ல இட்லியைக் கரண்டியால் அழுத்தினால் சாம்பார் வெளியே வரும். கல் மாதிரி ஆன இட்லியும் ஓரளவு சாம்பாரைக் குடித்திருக்கும், ஆனால் பிழிந்தாலும் வராது. துளை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, துளைக்குத் துளை வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஷோ பதில் சொல்லாது. கிணற்றை ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஷோவையும் கண்டுபிடிப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மார்க்கெட் துள்ளியது எங்கும் நடந்திருக்கிறது. 2010 டிசம்பரில் பாக்லாந்து தீவுகளுக்கு அருகே தோண்டிய டிசையர் பெட்ரோலியம் என்ற பிரிட்டிஷ் சின்னக் கம்பெனி எண்ணெய் என்று அறிவித்தது, ஷேர் எகிறியது. சில நாளில், கிணற்றில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் என்று அதே கம்பெனி சொன்னது. ஷேர் பாதிக்கும் கீழே போனது.

டெஸ்டில் நாளைக்கு 300 பீப்பாய் வந்தால்? அப்போதாவது 41 ரூபாய் நியாயமா?

கணக்குப் போடுவோம். ஒரு பீப்பாய் 159 லிட்டர். 300 பீப்பாயில் நம் கம்பெனியின் 30 சதவீதம் 90 பீப்பாய். பீப்பாய் 70 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 5 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். வருடம் முழுக்க ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினால் சுமார் 19.5 கோடி. இது விற்பனை, லாபம் அல்ல. இதிலிருந்து ராயல்டி, அரசின் பங்கு, பம்ப், கரண்ட், தண்ணீரைப் பிரிக்கும் செலவு, லாரி வாடகை எல்லாம் போக வேண்டும். கிணறும் வருடா வருடம் இறங்கும்.

இப்போது மறுபக்கம். கம்பெனிக்கு 12 கோடி ஷேர். ஷேருக்கு 23 ரூபாய் ஏறியது என்றால் மார்க்கெட் இந்த ஒரு கிணற்றுக்காகக் கம்பெனிக்கு ஏற்றி வைத்திருக்கும் மதிப்பு 276 கோடி. அதுவும் டெஸ்ட் நடக்கும் முன்னாலேயே.

டெஸ்ட் முடிவு வந்தாலும் 300 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஓடியது? சோக் எந்த அளவு? சோக் என்பது வாயை அடைக்கும் வளையம் மாதிரி. பெரிய துளை வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு எந்தக் கிணறும் வீரம் காட்டும். அழுத்தம் நின்றதா, விழுந்துகொண்டே வந்ததா? தண்ணீர் எத்தனை சதவீதம்? இந்த நாலும் இல்லாத அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

பிளாக்கில் 5 கோடி பீப்பாய் இருப்பதாக ஒரு நிபுணர் அறிக்கை சுற்றுகிறதே?

'இருக்கிறது' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பாறையில் ஊறியிருப்பது ஒன்று. அதில் வெளியே எடுக்க முடிவது சின்னப் பகுதி. அதிலும் இன்றைய விலையில், இன்றைய அனுமதியில் லாபத்தோடு எடுக்க முடிவது இன்னும் சின்னது.

தொழிலில் மூன்று படி உண்டு. தோண்டவே இல்லை, நில அதிர்வுப் படத்தில் மட்டும் தெரிகிறது என்றால் 'பிராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ்'. கண்டுபிடித்தாகிவிட்டது, ஆனால் எடுக்க ஏதோ தடை இருக்கிறது என்றால் 'கன்டிஞ்சென்ட்'. எடுப்பது உறுதி, திட்டமும் இருக்கிறது என்றால்தான் 'ரிசர்வ்ஸ்'. ரிசர்வ்ஸிலும் 1பி, 2பி, 3பி என்று உண்டு: அந்த அளவாவது கிடைக்க 90, 50, 10 சதவீத வாய்ப்பு. உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் எண் எப்போதும் முதல் படியிலிருந்து, அதுவும் அதன் மேல் விளிம்பிலிருந்து எடுத்தது. சந்தேகமிருந்தால் அந்த அறிக்கையைத் திறந்து 'பிராஸ்பெக்டிவ்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

2015 ஏப்ரலில் லண்டன் காட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்ஸ் ஹில் என்ற கிணற்றை வைத்து யூகே ஆயில் அண்ட் காஸ் என்ற சின்னக் கம்பெனி, அந்தப் படுகை முழுவதிலும் 10,000 கோடி பீப்பாய் வரை இருக்கலாம் என்றது. செய்தி உலகம் சுற்றியது, ஷேர் சில நாளில் பல மடங்கு. கம்பெனி தோண்டியது ஒரு கிணறு. சொன்னது பாறையில் ஊறியிருக்கும் கணக்கு. எடுக்க முடிவது 3 முதல் 15 சதவீதம் என்பதும் அதே செய்தியில் இருந்தது. அதை யார் படித்தார்கள்? முழுப் படுகையையும் நாங்கள் ஆராயவில்லை என்று அப்புறம் விளக்கமும் கொடுக்க வேண்டி வந்தது. 2024 ஜூனில் அந்த இடத்தின் அனுமதியையே பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அது சின்னக் கம்பெனி. பெரிய ஆட்கள் கணக்கு தப்பாதே?

நம் கிருஷ்ணா கோதாவரிப் படுகையையே பாருங்கள். 2005இல் குஜராத் அரசின் ஜிஎஸ்பிசி அங்கே 20 டிரில்லியன் கன அடி எரிவாயு என்று அறிவித்தது. பிறகு அந்த எண் பல மடங்கு சுருங்கியது. 2017இல் அந்த பிளாக்கின் 80 சதவீதத்தை ஓஎன்ஜிசி வாங்கிக்கொண்டது. அதே படுகையில் ரிலையன்ஸின் டி6 பிளாக்கில் 2009 ஏப்ரலில் வாயு வந்தது, 2010இல் நாளைக்கு 6 கோடி கன மீட்டர் அளவுக்கு ஏறியது, 2013க்குள் ஒன்றரைக் கோடிக்கும் கீழே விழுந்தது. ரிலையன்ஸுக்கு சுத்திகரிப்பு ஆலை உண்டு, பெட்ரோகெமிக்கல் உண்டு, தாங்கிக்கொண்டது. அந்த பிளாக்கில் 10 சதவீதம் வைத்திருந்த கனடாவின் நிக்கோ ரிசோர்சஸால் தாங்க முடியவில்லை. 100 கனடிய டாலருக்கு மேல் விற்ற அதன் ஷேர் சில வருடத்தில் பைசாக் கணக்குக்கு வந்தது. ஒரே பாறை, ஒரே தவறு, ஆனால் அடி விழுந்தது யார் மேல் என்று பாருங்கள்.

கெய்ர்ன் என்ற எண்ணெய்க் கம்பெனி மாதிரி ஆகிவிட்டால்? ராஜஸ்தானில் ஷெல் விட்டுப் போனதைத்தானே எடுத்தார்கள்?

உண்மை. ஷெல் தன் பங்கை சுமார் 72 லட்சம் டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. 2004 ஜனவரியில் பார்மரில் மங்களா வயல் கிடைத்தது. எடின்பரோவில் இருந்த கெய்ர்னின் ஷேர் பல மடங்காகி, அந்த வருடமே லண்டனின் முதல் 100 கம்பெனிப் பட்டியலுக்குள் போனது. இந்தத் தொழிலில் எல்லோரும் தூக்கத்தில் காணும் கனவு அது. நானும் கண்டிருக்கிறேன்.

ஆனால் மங்களாவில் முதல் எண்ணெய் ஓடியது 2009 ஆகஸ்டில். ஐந்தரை வருடம். அந்த எண்ணெய் மெழுகு மாதிரி, வெளியே வந்தால் உறையும். குஜராத் வரை சூடாக்கிக்கொண்டே போகும் குழாய் போட வேண்டியிருந்தது. மும்பை ஹை 1974 பிப்ரவரியில் கிடைத்து 1976 மே மாதமே உற்பத்திக்கு வந்தது என்றால், பின்னால் மத்திய அரசே நின்றது. மொய்க் கவரில் வைக்கும் ஒரு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், அதைத் தோண்டிய சாகர் சாம்ராட் ரிக் அங்கே நிற்கிறது. உங்கள் 41 ரூபாய்க் கம்பெனிக்குப் பின்னால் ஐந்து வருடம் நிற்க யார் இருக்கிறார்கள்?

அதைத்தான் கேட்க வந்தேன். கிணற்றுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிளாக்கில் 30 சதவீதம் பங்கு என்றால் செலவிலும் 30 சதவீதம். தோண்டுகிற பெரிய பங்காளி மாதாமாதம் பணம் கேட்பார். இவர்களிடம் ஏற்கெனவே ஓடும் கிணறு இருந்தால் அதிலிருந்து கொடுக்கலாம். இல்லையென்றால் கடன், அல்லது புது ஷேர். சின்னக் கம்பெனிகள் அதிகம் போவது வாரண்ட் வழிக்கு, அதாவது முன்பே பேசிய விலையில் பின்னால் ஷேர் வாங்கும் உரிமை: கம்பெனியை நடத்தும் புரோமோட்டருக்கோ வேண்டியவர்களுக்கோ ஒதுக்குவார்கள், கால் பங்கு பணம் இப்போது, மிச்சம் 18 மாதத்துக்குள். விலை ஏறினால் முழுப் பணம் கட்டி ஷேராக்கிக்கொள்வார்கள், இறங்கினால் கால் பங்கை விட்டுவிட்டுப் போவார்கள்.

இதில் தப்பு எதுவும் இல்லை, சட்டப்படிதான். ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாரண்ட் ஒதுக்கியது எப்போது, என்ன விலை? ஸ்பட் அறிவிப்பு எப்போது? நம் கம்பெனியில் வாரண்ட் விலை 16 ரூபாய். ஸ்பட் கடிதம் அதற்கு ஏழு வாரம் கழித்து. நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. உங்களையும் வரச் சொல்லவில்லை. ஆனால் கிணறு காய்ந்து ஷேர் 20க்கு வந்தாலும் யார் லாபத்தில் இருப்பார் என்பது தெரிய ஜியாலஜி வேண்டாம்.

புரோமோட்டரின் ஷேர் அடமானத்தில் இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் பாருங்கள். காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் வரும் பங்குதாரர் பட்டியலில் அது இருக்கும்.

தினமும் அப்பர் சர்க்யூட். டெலிகிராம் குரூப்பில் 'ஆப்பரேட்டர் உள்ளே இருக்கிறான், 100 நிச்சயம்' என்கிறார்கள்.

சரி, ஆப்பரேட்டர், அதாவது விலையை ஏற்றி விளையாடும் ஆள், உள்ளே இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வெளியே போகும்போது யாரிடம் விற்பார்?

சர்க்யூட் என்பது ஒரு நாளில் விலை ஏறவோ இறங்கவோ உள்ள எல்லை. சின்ன ஷேரில் 5 சதவீத சர்க்யூட் என்றால் ஏறும்போது விற்க ஆள் இல்லை, இறங்கும்போது வாங்க ஆள் இல்லை. தினம் 5 சதவீதம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் விற்கச் சொல்லி வைக்கும் ஸ்டாப் லாஸ் எதற்கும் உதவாது. வரிசையில் ஒரு லட்சம் ஷேருக்குப் பின்னால் உங்கள் 500 நிற்கும். டிரேட் டு டிரேடுக்கு (அன்றே வாங்கி அன்றே விற்க முடியாத பிரிவு) மாற்றிவிட்டார்கள், ஈஎஸ்எம் என்ற எக்ஸ்சேஞ்சின் கூடுதல் கண்காணிப்பில் போட்டுவிட்டார்கள் என்றால், அது கம்பெனி தப்பு செய்தது என்று அர்த்தமில்லை. ஆனால் விலை போகும் போக்கு எக்ஸ்சேஞ்சின் கண்ணை உறுத்தியிருக்கிறது.

யூடியூப் வீடியோ போட்டு விலையை ஏற்றி மக்கள் தலையில் கட்டியதாகச் சாதனா பிராட்காஸ்ட் ஷேர் விஷயத்தில் 2023 மார்ச்சில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. அந்த வீடியோக்களில் சொன்ன கதை ஒரு டிவி கம்பெனியைப் பற்றியது. எண்ணெய்க் கதை அதைவிடச் சுலபம், பூமிக்கடியில் யாராலும் எட்டிப் பார்க்க முடியாது.

பொய் என்றால் கம்பெனியே மறுத்திருக்குமே?

வதந்தியை உறுதி செய்யவோ மறுக்கவோ வேண்டும் என்ற செபி விதி, சந்தை மதிப்பில் முதல் 250 இடத்தில் உள்ள கம்பெனிகளுக்குத்தான். நம் ஆள் அந்தப் பட்டியலின் வாசலில்கூட இல்லை. எக்ஸ்சேஞ்ச் விளக்கம் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். "வெளியிடாத தகவல் எதுவும் எங்களிடம் இல்லை" என்று இரண்டு வரி வரும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரிக்கில் இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்துவிடுமா?

தெரியும். மட் லாகருக்கு எல்லோருக்கும் முன்னால் தெரியும். அதை வைத்து ஷேர் வாங்கினாலும், மச்சானிடம் சொல்லி வாங்க வைத்தாலும் உள்வட்ட வணிகச் சட்டத்தில் குற்றம். ஆகவே "என் ஆள் ரிக்கில் இருக்கிறான்" என்று உங்களிடம் சொல்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது உங்களையும் குற்றத்தில் சேர்க்கிறார்.

குரூட், அதாவது கச்சா எண்ணெய், விலை ஏறினால் ஷேரும் ஏறுமே?

உற்பத்தி இருந்தால் ஏறும். தோண்டிக்கொண்டிருக்கும் கிணற்றுக்குக் குரூட் 60ஆ 90ஆ என்பது அப்புறம்.

தமிழ்நாட்டில் பிளாக் கிடைத்திருக்கிறது என்று ஒரு கம்பெனி சொல்கிறதே?

நெடுவாசல் ஞாபகம் இருக்கிறதா? 2017 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊரே உட்கார்ந்து போராடியது, திட்டம் நகரவில்லை. 2020இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்ட முடியாது. பிளாக் கிடைப்பதும் தோண்டுவதும் ஒன்றல்ல. சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பித்தார்களா என்று பரிவேஷ் தளத்தில் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கிணறு காய்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வார்கள்?

'காய்ந்துவிட்டது' என்று சொல்லவே மாட்டார்கள். "கிடைத்த தரவுகள் ஆராயப்படுகின்றன", "பிளாக்கின் புவியியல் புரிதலை இந்தக் கிணறு மேம்படுத்தியுள்ளது", "அடுத்த இலக்கு பரிசீலனையில்" என்று வரும். கிணற்றைச் சிமெண்ட் போட்டு மூடியிருப்பார்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் பெரும்பாலும் மார்க்கெட் மூடியபின், வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து வரும் என்பது என் அனுபவம். 2008இல் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை என் ஒன்றரை லட்சம் போனது. தொழில் தெரிந்தவனுக்கே.

நான் ஏற்கெனவே 38இல் வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

இதைக் கேட்டது மூன்றாம் மாடி மாமி. பேரன் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம். முதலில் அவரிடம் நான் கேட்டது, இந்தப் பணம் முழுக்கப் போனால் வீட்டில் எதாவது நிற்குமா என்று. "கால்வாசி போனால் பரவாயில்லைப்பா, பாதி போனால் தூக்கம் வராது" என்றார். பாதியை மறுநாளே விற்றுவிட்டார், அது அவர் முடிவு.

மிச்சத்துக்கு ஒரு காரியம் செய்தோம். ஆண்டறிக்கையில் கம்பெனி செயலாளரின் மெயில் முகவரி இருக்கும். பங்குதாரர் என்ற முறையில் மாமி பேரில் நாலு கேள்வி அனுப்பினோம்: இந்தக் கிணற்றில் உங்கள் பங்குச் செலவு எவ்வளவு, அதில் எவ்வளவு கட்டியாகிவிட்டது, வாரண்ட் பணத்தில் மீதி எப்போது வரும், டெஸ்ட் முடிவை சோக் அளவோடும் தண்ணீர் சதவீதத்தோடும் வெளியிடுவீர்களா? மாமிக்கு சோக் என்ற வார்த்தை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது, லிஃப்டில் எல்லோரிடமும் சொல்கிறார்.

அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.